மறுமலர்ச்சிக் கால டாரட் சீட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரட் என்றாலே குறி சொல்வதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்தச் சீட்டுகள்மேல் ஈடுபாடு வந்தது 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியங்கள் வழியாக. அவற்றைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

டாரட் சீட்டு எங்கே, எப்போது வந்தது? ஆயிரக்கணக்கான வருஷப் பழசா?

இல்லை. வட இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிறந்தது. தேதியோடு கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 1440 செப்டம்பரைச் சேர்ந்தது. ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற நோட்டரி, ஃபுளோரன்சில் செய்வித்த ஒரு கட்டுச் சீட்டைச் சிஜிஸ்மொந்தோ மலாதெஸ்தா என்ற படைத்தலைவருக்குப் பரிசாகக் கொடுத்ததைத் தன் நாட்குறிப்பில் விலையோடு எழுதி வைத்திருக்கிறார். 1442இல் ஃபெராரா அரண்மனைக் கணக்கில், சக்ரமோரோ என்ற ஓவியருக்கு நான்கு கட்டுகளுக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது.

அப்போது இதற்கு ‘த்ரியோன்ஃபி’ என்று பெயர். வெற்றி ஊர்வலங்கள் என்று பொருள். ‘தரோக்கி’ என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவுகிறது. அதன் பிரெஞ்சு வடிவம்தான் டாரட்.

அப்போ அதுக்கு முன்னாடி ஐரோப்பாவில் சீட்டாட்டமே இல்லையா?

இருந்தது. சாதாரணச் சீட்டுக்கட்டு 1370களிலேயே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. 1377இல் ஃபுளோரன்ஸ் நகரம் அதற்குத் தடையே போட்டது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டிலிருந்து வந்த ஆட்டம் அது. ஒரு மம்லூக் கட்டு இன்றும் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. அதில் கோப்பை, காசு, வாள், போலோ மட்டை என்று நான்கு இனங்கள். இத்தாலியர்களுக்குப் போலோ பழக்கமில்லாததால் மட்டை வெறும் கோலாகிவிட்டது. டாரட்டில் இன்றும் இருப்பவை அந்த நான்கு இனங்களே. நம் கையில் இருக்கும் இஸ்பேட், ஆடுதன், டைமண்ட், கிளாவர் எல்லாம் பிரான்சில் பின்னால் வந்த குறிகள்.

சாதாரணச் சீட்டுக்கும் டாரட்டுக்கும் என்ன வித்தியாசம்?

நான்கு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், அதற்குமேல் சேவகன், குதிரைவீரன், ராணி, ராஜா. ஆக 56. இதோடு எந்த இனத்தையும் சேராத 22 படச் சீட்டுகள் உண்டு: வித்தைக்காரன், பேரரசன், போப், காதல், தேர், நீதி, முதியவன், விதிச் சக்கரம், தூக்கில் தொங்குபவன், மரணம், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் என்று போகும் வரிசை. அவற்றில் 21 துருப்புகள். மீதி ஒன்று பித்தன்.

மம்லூக் கட்டோடு ஒப்பிட்டால், டாரட்டில் கூடுதலாக இருப்பவை இந்தப் படச் சீட்டுகளும் ராணியும்தான். மம்லூக் கட்டில் பெண்ணே கிடையாது.

இதை வைத்து எப்படி விளையாடினார்கள்?

இருபத்தெட்டோ முந்நூற்று நாலோ ஆடத் தெரிந்தவருக்கு இதன் அடிப்படை உடனே பிடிபடும். கீழே விழுந்த இனத்தையே போட வேண்டும், கையில் இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், பெரிய சீட்டுக்காரர் பிடியை எடுத்துக்கொள்வார். நம் ஆட்டத்தில் நான்கு இனங்களில் ஒன்றுதான் ஒவ்வொரு சுற்றிலும் துருப்பாக மாறும். டாரட்டில் துருப்பு நிரந்தரமான ஐந்தாவது இனம். மரணம் பேரரசனை வெட்டும், சூரியன் மரணத்தை வெட்டும். பித்தன் சீட்டு எதையும் வெல்லாது. இக்கட்டான நேரத்தில் அதைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டம் செத்துப்போகவில்லை. போலோன்யாவிலும் சிசிலியிலும் பியத்மொந்திலும் இன்னும் ஆடுகிறார்கள். பிரான்சில் இது பெருவாரியான மக்கள் ஆடும் ஆட்டம்.

குறி பார்க்கத்தானே இதை உண்டாக்கினார்கள்?

இல்லை. இதைத்தான் நான் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகள், கடிதங்கள், சட்டங்கள், பிரசங்கங்கள் எல்லாமே டாரட்டை ஆட்டமாகத்தான் பேசுகின்றன. 1450இல் ஃபுளோரன்ஸ் சட்டம் சூதாட்டங்களைத் தடுத்தபோது, அனுமதிக்கப்பட்ட சில ஆட்டங்களில் த்ரியோன்ஃபியும் ஒன்று. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பிரான்சிஸ்கன் துறவி 22 படங்களையும் வரிசையாகப் பட்டியல் போட்டு அதைத் திட்டித் தீர்த்தார். அவருடைய கோபமும் சூதின்மேல்தான். போப்பையும் தேவதைகளையும் சூதாட்டப் பலகைக்கு இழுத்துவிட்டார்களே என்ற ஆத்திரம் அது. குறி சொல்லும் வழக்கம் இருந்திருந்தால், சும்மா விட்டிருக்கக்கூடியவர் இல்லை.

சீட்டுகளுக்குக் குறிப்பொருள் கொடுத்த ஒரு தாள் 18ஆம் நூற்றாண்டு போலோன்யாவில் கிடைத்திருக்கிறது. 1780களில் பாரிசில் எத்தெய்யா என்ற புனைபெயரில் ஒருவர் குறி சொல்லும் முறையை அச்சிட்டுப் பரப்பினார். ஆட்டம் பிறந்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது.

எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல் என்று படித்தேனே?

அதைக் கிளப்பியவர் ஆந்துவான் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர், 1781இல். டாரட் படங்களைப் பார்த்ததுமே அவை பழைய எகிப்தின் ஞான நூல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்போது எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியோன் அதன் முடிச்சை அவிழ்த்தது 1822இல். அதற்குள் கதை வேர்விட்டுவிட்டது.

இரண்டாவது பதிலில் சொன்ன மம்லூக் தொடர்பை வைத்து ‘அதுவும் எகிப்துதானே’ என்று சிலர் கேட்கிறார்கள். அது 14ஆம் நூற்றாண்டு இஸ்லாமிய எகிப்து. அங்கிருந்து வந்தவை நான்கு இனச் சீட்டுகள் மட்டுமே. படச் சீட்டுகள் இத்தாலியில் சேர்ந்தவை.

ஜிப்சிகள் கொண்டுவந்தது என்பதாவது உண்மையா?

உண்மையில்லை. ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்கள் போலோன்யாவுக்கு வந்து சேர்ந்தது 1422இல். அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே ஃபுளோரன்சில் சீட்டுக்குத் தடை. டாரட் உருவான இடமும் அரண்மனைகளும் நகர ஓவியக்கூடங்களும்தான்.

தங்கம் வைத்து வரைந்த அந்தப் பழைய டாரட் சீட்டுகளை யாருக்காக யார் வரைந்தது?

மிலானை ஆண்ட விஸ்கொந்தி, ஸ்ஃபோர்ட்சா குடும்பங்களுக்காக. கடைசி விஸ்கொந்தி பிரபு பிலிப்போ மரியாவுக்குச் சீட்டுமேல் தீராத ஆசை. ரோமானியத் தெய்வங்களை வைத்து ஒரு கட்டு வரையச் சொல்லி 1,500 பொற்காசு கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அந்தக் கட்டு தொலைந்துபோனது. அதை விளக்கி மார்த்சியானோ என்பவர் எழுதிய ஏடு மட்டும் இருக்கிறது. பதினாறு தெய்வங்கள், நான்கு பறவை இனங்கள். டாரட் இல்லைதான், ஆனால் டாரட்டுக்கு மிக நெருங்கிய முன்னோடி.

பிலிப்போ மரியாவின் மகள் பியாங்கா மரியா 1441இல் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா என்ற படைத்தலைவரை மணந்தார். 1450இல் ஸ்ஃபோர்ட்சா மிலானின் பிரபுவானார். அந்த டிசம்பரிலேயே, கிடைப்பதில் மிக அழகான த்ரியோன்ஃபி கட்டு வாங்கி அனுப்பச் சொல்லித் தன் பொக்கிஷதாரருக்குக் கடிதம் எழுதினார். இன்று விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ட்சா கட்டு என்று புகழ்பெற்றது இந்தத் தம்பதியின் காலத்தது. வரைந்தவர் கிரெமோனாக்காரரான போனிஃபாசியோ பெம்போ என்பது பெரும்பாலோர் கருத்து. மோன்சா தேவாலயச் சுவரோவியங்களை வரைந்த சவத்தாரி குடும்பத்தின் கையைப் பார்க்கிறவர்களும் உண்டு. கையெழுத்து எதுவும் இல்லாததால், முகமும் துணி மடிப்பும் கோடும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தங்கம் என்றால் நிஜத் தங்கமா? எப்படிச் செய்தார்கள்?

நிஜத் தங்கம்தான். பல தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திக் கெட்டி அட்டை செய்வார்கள். அதன்மேல் வெள்ளைச் சுண்ணப் பூச்சு, தங்கம் வரும் இடத்தில் வழவழப்பான செங்களிமண் பூச்சு. அதில் தங்க ரேக்கை ஒட்டி, கல்லாலோ பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்புறம் சிறு முத்திரைக் கருவிகளால் குத்திக் குத்தித் தங்கப் பரப்பு முழுவதும் சாய்சதுரக் கட்டங்களும் கதிர்களும் போடுவார்கள். பலிபீட ஓவியங்களுக்குச் செய்த அதே வேலைதான், உள்ளங்கை அளவுக்குச் சற்றுப் பெரிய அட்டையில். விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ட்சா சீட்டு ஒவ்வொன்றும் சுமார் 17.3 செ.மீ. உயரம், 8.7 செ.மீ. அகலம்.

இந்தக் குத்து வேலையை நேராகப் பிடித்த புகைப்படத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அச்சில் தங்கம் மஞ்சள் பழுப்பாகச் செத்துப்போய்விடுகிறது. சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக மின்னும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கையில் விசிறிபோல் விரித்துப் பிடித்து, சற்றே அசையும்போது பார்ப்பதற்காகச் செய்த பொருள் இது. வெள்ளி ரேக்கு வைத்த இடங்கள் மட்டும் காலப்போக்கில் கறுத்துவிட்டன. அவை முதலில் எப்படிப் பளபளத்திருக்கும் என்று மனதில் திருத்திக்கொண்டு பார்க்க வேண்டும்.

குடும்ப அடையாளங்களையும் தேடிப் பாருங்கள். உடைகளில் விஸ்கொந்திகளின் கதிர்ச் சூரியனும், ஸ்ஃபோர்ட்சாவின் ஒன்றோடொன்று கோத்த மூன்று மோதிரங்களும் வரும். இன்னும் பழைய இரண்டு கட்டுகளின் காசு இனத்தில், பிலிப்போ மரியா அச்சடித்த தங்கக் காசின் வடிவமே இருக்கிறது. காலத்தைக் கணிக்க ஆய்வாளர்களுக்குக் கிடைத்த நல்ல தடயம் அது.

ஒரே ஒரு சீட்டைக் கவனித்துப் பார் என்றால் எதைச் சொல்வீர்கள்?

விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ட்சா கட்டின் விதிச் சக்கரம். நடுவில் சிறகோடு, கண்கட்டிய நிலையில் விதி உட்கார்ந்திருக்கிறாள். சக்கரத்தைச் சுற்றி நான்கு பேர். இடப்பக்கம் ஏறுகிறவன் ‘ஆள்வேன்’ என்கிறான், உச்சியில் இருப்பவன் ‘ஆள்கிறேன்’, வலப்பக்கம் இறங்குகிறவன் ‘ஆண்டேன்’. அடியில், கை கால்களால் ஊன்றிச் சக்கரத்தைச் சுமக்கும் நரைத்தாடிக் கிழவன் ‘எனக்கு ஆட்சியில்லை’ என்கிறான். எல்லாம் லத்தீனில். இந்த வாசகம் இடைக்காலம் முழுக்க ஐரோப்பாவில் புழங்கியதுதான்.

ஓவியரின் கை எங்கே தெரிகிறது என்றால், உடம்பில். ஏறுகிறவனுக்குக் கழுதைக் காது முளைக்கிறது, உச்சியில் இருப்பவனுக்கு முழுசாக வளர்ந்திருக்கிறது, இறங்குகிறவனுக்கு வால். அடியில் கந்தலோடு கிடக்கும் கிழவன் மட்டும் முழு மனிதன். ஆட்சியைப் போரிட்டுப் பிடித்த ஒரு பிரபுவின் கையில் இந்தச் சீட்டு இருந்தது என்பதை நினைத்தால், அரண்மனை ஓவியர் ஒருவருக்கு அந்தத் துணிச்சல் இருந்ததே என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இவ்வளவு விலை உயர்ந்த சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடியிருப்பார்களா?

நியாயமான சந்தேகம். பல சீட்டுகளில் மேல் விளிம்பில் ஆணித் துளை இருக்கிறது. எப்போதோ சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். இந்த அளவுக்குக் கனமான, தங்கம் வைத்த அட்டையைக் கலைப்பதும் சுலபமில்லை. ஆனாலும் முற்றிலும் காட்சிப்பொருள் என்று சொல்லிவிட முடியாது. மிலானில் பொரோமேயோ மாளிகைச் சுவரோவியம் ஒன்றில், ஆண்களும் பெண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெரிய சீட்டுகளைக் கையில் பிடித்து ஆடுகிறார்கள். பெரிய சீட்டு அன்று விநோதமில்லை. விசேஷ நாட்களில் மெதுவாக ஆடியிருப்பார்கள் என்பதே என் எண்ணம்.

அப்போ டாரட் பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, வண்ணம் தடவிய மலிவுக் கட்டுகளும் அந்த நூற்றாண்டிலேயே விற்றன. அவை ஆடி ஆடித் தேய்ந்து குப்பைக்குப் போயின, அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை. வெட்டாத அச்சுத்தாள்கள் சில பழைய புத்தகங்களின் அட்டைக்குள் ஒட்டுத்தாளாகக் கிடந்து தப்பின. தங்கச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு ‘அரச ஆட்டம்’ என்று முடிவு கட்டுவது சரியில்லை.

அந்தக் கட்டில் சாத்தானும் கோபுரமும் மட்டும் இல்லையாமே? பயந்து எரித்துவிட்டார்களா?

விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ட்சா கட்டின் 78இல் 74 எஞ்சியிருக்கின்றன. காணாமல் போனவை சாத்தான், கோபுரம், வாள் மூன்று, காசுக் குதிரைவீரன். முதல் இரண்டை மட்டும் சொல்லிக் கதை கட்டுகிறவர்கள் மற்ற இரண்டைச் சொல்வதில்லை. அன்று வாள் மூன்று என்பது வெறும் மூன்று வாள்கள் வரைந்த எண் சீட்டு. அதை எரிக்க யாருக்கும் காரணமில்லை. ஐநூறு ஆண்டுகளில் நான்கு அட்டைகள் தொலைவது பெரிய விஷயமும் இல்லை. மரண சீட்டு பத்திரமாக இருக்கிறதே. எலும்புக்கூடு ஒன்று வில்லும் அம்புமாக நின்று நம்மையே பார்க்கிறது.

கையால் வரைந்த கட்டுகள் எதிலுமே சாத்தான் எஞ்சவில்லை என்பது மட்டும் உண்மை. அந்தக் காரணத்தால் சாத்தான் சீட்டே அன்று இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்பு சொன்ன துறவியின் பட்டியலில் அது இருக்கிறது, அச்சுத்தாள்களிலும் இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்தே 78 சீட்டுதானா?

அப்படித் தெரியவில்லை. 1457இல் ஃபெராராவில் செய்த கட்டுகளில் 70 சீட்டுகள் என்று கணக்கு சொல்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் விஸ்கொந்தி கட்டில் 67 எஞ்சியிருக்கின்றன. அதில் நம்பிக்கை, எதிர்பார்ப்பு, அன்பு என்ற மூன்று கிறிஸ்தவ நற்பண்புகள் துருப்பாக வருகின்றன, பெண் குதிரைவீரர்கள்கூட உண்டு. ஆட்டம் இன்னும் கெட்டிப்படாத காலம் அது.

விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ட்சா கட்டிலேயே வலிமை, நிதானம், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் ஆகிய ஆறும் வேறு ஓவியர் பின்னால் வரைந்தவை. முகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். தொலைந்தவற்றுக்கு ஈடாக வரைந்தார்களா, புதிதாகச் சேர்த்தார்களா என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. சீட்டுகளில் எண்ணும் பெயரும் கிடையாது. வரிசையை ஆடுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், அதுவும் ஊருக்கு ஊர் மாறியது.

தூக்கில் தொங்குபவன் தியானம் செய்கிறானா?

அது பின்னால் ஏற்றிய பொருள். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியரைக் கேட்டிருந்தால் ‘துரோகி’ என்று சட்டென்று சொல்லியிருப்பார். துறவியின் பட்டியலுக்குச் சற்றுப் பின்னால்கூட அந்தச் சீட்டுக்குத் துரோகி என்றே பெயர் வழங்கியது. துரோகம் செய்தவரையும் கடனைக் கட்டாமல் ஓடியவரையும், ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல நகரச் சுவர்களில் வரைந்து அவமானப்படுத்தும் வழக்கம் அன்று இருந்தது. இதில் ஸ்ஃபோர்ட்சா குடும்பத்துக்கே பங்குண்டு. பிரான்செஸ்கோவின் தந்தை முட்சியோ அத்தெந்தோலோ பகைவர் பக்கம் சேர்ந்ததும், 23ஆம் ஜான் என்று போப் பட்டம் சூடியிருந்தவர் 1412இல் ரோம் நகர வாயில்களில் அவரை இப்படி வரைய வைத்தார். மகனுடைய சீட்டுக்கட்டில் அதே உருவம். அதைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார்!

பெண் போப் எப்படி வந்தாள்? அது நிஜப் பெண்ணா?

ஒரு கருத்து உண்டு. மிலானில் குல்யெல்மா என்ற பெண்ணைத் தெய்வமாகக் கொண்டாடிய சிறு கூட்டம், மைஃப்ரெதா என்ற கன்னியாஸ்திரீயைத் தங்கள் போப்பாக எண்ணியிருந்தது. 1300இல் திருச்சபை விசாரணை அவரைத் தீயில் எரித்தது. அவர் விஸ்கொந்திகளின் உறவினர். சீட்டில் இருப்பவளும் பழுப்புத் துறவாடையும் மூன்றடுக்குக் கிரீடமும் அணிந்தவள்தான். கெர்ட்ரூட் மோக்லி என்ற ஆய்வாளர் 1966இல் இந்த அடையாளத்தை முன்வைத்தார்.

மனதை உலுக்கும் கதை. ஆனால் நான் மறுபக்கம் சாய்கிறேன். பெண் போப் மிலானில் மட்டும் இல்லை, மற்ற ஊர்ச் சீட்டுகளிலும் வருகிறாள். பாதுவாவில் ஜொத்தோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ‘விசுவாசம்’ என்ற பெண்ணுருவமும் கிரீடமும் சிலுவைக் கோலுமாக நிற்கிறது. எதிர்ச் சுவரில் இருக்கும் ‘மடமை’க்குத் தலையில் இறகு, கையில் தடி. நம் பித்தன் சீட்டிலும் இறகும் தடியும் அப்படியே. சுவரிலிருந்து சீட்டுக்கு உருவங்கள் இறங்கி வந்த வழி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

‘மான்தேன்யா டாரட்’, ‘ஆறாம் சார்லஸ் டாரட்’ என்று பார்த்தேன். அவை இன்னும் பழசா?

இரண்டு பெயருமே தப்பு. முதலாவது, 1465 வாக்கில் வந்த 50 செப்புத்தட்டு அச்சுப் படங்கள். மான்தேன்யா என்ற ஓவியர் வரைந்ததும் இல்லை, டாரட்டும் இல்லை. இரண்டாவது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் 17 சீட்டுகள். 1392இல் பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லசுக்காக மூன்று கட்டுகள் வாங்கிய கணக்கு ஒன்று உண்டு. அவை இவைதான் என்று முன்பு நம்பினார்கள். உண்மையில் இவை 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய வேலை, பெரும்பாலும் ஃபுளோரன்சைச் சேர்ந்தவை.

முழுசாகக் கிடைத்த பழைய கட்டு எது?

சோலா-புஸ்கா கட்டு. 1491 வாக்கில் செப்புத்தட்டில் செதுக்கி அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டியது, 78ம் இருக்கின்றன. 2009இல் இத்தாலிய அரசு வாங்கி மிலானின் பிரேரா கூடத்தில் வைத்திருக்கிறது. இதன் எண் சீட்டுகளில்கூட மனிதர்களும் காட்சிகளும் உண்டு. வாள் மூன்று ஓர் இதயத்தைக் குத்தி நிற்கும். 1907இல் இதன் புகைப்படங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1909இல் பமெலா கோல்மன் ஸ்மித் வரைந்து உலகமெங்கும் பரவிய கட்டில் அதே இதயம், அதே மூன்று வாள்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம்? வாங்க முடியுமா?

விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ட்சா கட்டு பிரிந்து கிடக்கிறது: 35 சீட்டுகள் நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில், 26 இத்தாலியின் பெர்கமோவில் கர்ரரா கலைக்கூடத்தில், 13 தனியார் குடும்பத்திடம். மோர்கன் நூலகமும் யேலும் தங்கள் சீட்டுகளை இணையத்தில் பெரிய படங்களாக வைத்திருக்கின்றன. குத்து வேலையைப் பார்க்க, தங்கப் பகுதியை முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள்.

மறுபதிப்புக் கட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கினால், சாத்தானும் கோபுரமும் மற்ற இரண்டு சீட்டுகளும் இன்றைய ஓவியர்கள் வரைந்து சேர்த்தவை என்பதை நினைவில் வையுங்கள். அவற்றை மூலமென்று எண்ணிக் கட்டுரை எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.